'மேக் டிசைன்' பொத்தானை அழுத்தும் முன்

துணிக்குச் சாயம் ஏற்றும்போது போடும் உப்பைக் குறைக்க வழி தேடித்தான் அவர் சோதனையே செய்தார். எந்தப் பீக்கரில் எது எவ்வளவு என்று திட்டம் போட்டுக் கொடுத்தது ஒரு மென்பொருள். கடைசியில் அது 'இதுதான் சிறந்தது' என்று காட்டியது லிட்டருக்கு 80 கிராம் உப்பை. அவர் கொடுத்திருந்த எல்லையின் உச்சமே அதுதான். "இப்போ போடறதே இதைவிடக் கம்மிங்க சார். இதுக்கா பதினோரு பீக்கர் ஓட்டினேன்?" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் லேப் பொறுப்பாளர் அவர். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற கிளாபர் உப்பும் சோடா ஆஷும் வேண்டும். உப்பு சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலுக்குத் தள்ளும். சோடா அதை அங்கேயே பிணைத்து நிறுத்தும். வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்காது, மொத்தமாகக் கழிவுநீரில் இறங்கிவிடும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் இங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை யாரும் மறக்கவில்லை. கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்றால், ஆர்ஓ தாண்டி வரும் உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவைக் கட்டுபவருக்கு உப்பில் 10 கிராம் குறைந்தாலும் பெரிய விஷயம்.

சரி, தவறு எங்கே? கணக்கில் இல்லை. முதல் திரையில்.

அவர் பயன்படுத்தியது ஜேஎம்பி என்ற புள்ளியியல் மென்பொருள். அதில் சோதனைத் திட்டம் போடும் கஸ்டம் டிசைனைத் திறந்ததும் 'ஒய்' என்ற பெயரில் ஒரு ரெஸ்பான்ஸ் (நாம் அளக்கும் விளைவு) ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அதன் இலக்கு 'மேக்ஸிமைஸ்'. பலரும் அதைத் தொடாமல் கீழே ஃபேக்டர் (நாம் மாற்றிப் பார்க்கும் அளவு) பகுதிக்கு ஓடிவிடுகிறார்கள். இவரும் பெயரை மட்டும் கே/எஸ் என்று மாற்றியிருந்தார். கே/எஸ் என்பது நிறம் அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரோ சொல்லும் நிற அடர்த்தி. அதை உச்சமாக்கு என்றால் மென்பொருள் என்ன செய்யும்? உப்பைக் கூட்டத்தான் செய்யும். துணி வாங்கும் பையர் கேட்டதோ அடர்த்தியான நீலத்தை அல்ல, அவர் அனுப்பிய ஷேடை. இங்கே இலக்கு 'மேட்ச் டார்கெட்' ஆக இருந்திருக்க வேண்டும். கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் ஷேடு தாங்கும் அளவைப் பார்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

"அப்போ டெல்டா ஈ-யையே ரெஸ்பான்ஸாகப் போட்டு மினிமைஸ் செய்யலாமே?" என்று கேட்டார். டெல்டா ஈ என்பது கேட்ட ஷேடுக்கும் வந்த ஷேடுக்கும் உள்ள வித்தியாசம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ஒரு குழி உண்டு. ஷேடு ஒரு பங்கு வெளுத்தாலும் டெல்டா ஈ 1, ஒரு பங்கு கறுத்தாலும் 1. உப்பு கம்மியான பீக்கர் வெளுத்து, அதிகமான பீக்கர் கறுத்தால், இரண்டுக்கும் ஒரே எண் வரும். மென்பொருள் போடும் நேர்கோட்டுக் கணக்கு (லீனியர் மாடல்) அதைப் பார்த்துவிட்டு 'உப்புக்கு விளைவே இல்லை' என்று சத்தியம் செய்யும். அதனால் கே/எஸ்ஸையோ, எல், ஏ, பி என்ற நிற எண்கள் மூன்றையும் தனித்தனியாகவோ ரெஸ்பான்ஸாக வைத்து இலக்கைக் கொடுங்கள். டெல்டா ஈ-யைக் கடைசியில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அவர் பட்டியலில் 'உப்புச் செலவு' என்று இன்னொரு ரெஸ்பான்ஸும் இருந்தது. உப்பின் அளவை நாமே முடிவு செய்கிறோம். விலையைப் பெருக்கினால் செலவு வந்துவிடும். அளந்து கண்டுபிடிக்க அதில் எதுவும் இல்லை. அதற்கு அட்டவணையில் ஒரு ஃபார்முலா நெடுவரிசை போதும்.

அப்புறம் ஃபேக்டர். மினிடாப் என்ற இன்னொரு மென்பொருளில் ஏ, பி, சி என்று பெயரும் −1, 1 என்று அளவும் தானாக நிற்கும். அப்படியே விட்டாலும் டிசைன் வரும், மென்பொருள் முணுமுணுக்காது. மூன்று மாதம் கழித்துக் கோப்பைத் திறக்கும்போதுதான் −1 எத்தனை கிராம் என்று மண்டை காயும். பெயரிலேயே அலகையும் சேர்த்து எழுதிவிடுங்கள். எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: உப்பும் சோடாவும் லிட்டருக்கு இத்தனை கிராம், சாயம் மட்டும் துணி எடையில் இத்தனை சதவீதம். இரண்டும் ஒரே அட்டவணையில் அலகில்லாமல் நின்றால் குழப்பம் உறுதி.

இவர் உப்பை 40, 60, 80 என்று மூன்று வகையாக, 'கேட்டகாரிக்கல்' என்று கொடுக்கத்தான் முதலில் நினைத்தாராம். அப்படிச் செய்திருந்தால் மென்பொருளுக்கு 40-உம் 60-உம் சிவப்பு, பச்சை மாதிரி வெறும் பெயர்கள். 55 போட்டால் என்ன ஆகும் என்று அதனிடம் கேட்கவே முடியாது. சாயக் கம்பெனியும் துணி ரகமும்தான் வகை. உப்பு தொடர் எண்.

இனி நான் அதிகமாகச் சண்டை போடும் இடம்: வெப்பநிலை. அவர் திட்டம் உப்பு 40–80, சோடா 10–20, வெப்பம் 50–70 டிகிரி. மூன்றின் அடியையும் உச்சத்தையும் சேர்த்தால் வரும் எட்டு மூலைக்கு எட்டு பீக்கர், நடுவில் 60 டிகிரியில் மூன்று. தாளில் அழகாக இருக்கிறது. ஆனால் லேப் டிப் (சின்னத் துண்டில் சாயம் ஏற்றிப் பார்ப்பது) எடுக்கும் பீக்கர் மெஷினைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே சுற்றும் அத்தனை பீக்கருக்கும் ஒரே வெப்பம்தான். அதனால் 50 டிகிரி பீக்கர் நான்கையும் ஒரே லோடில் போட்டார், 70 டிகிரி நான்கையும் அடுத்த லோடில். மென்பொருளோ ஒவ்வொரு பீக்கரும் தனித்தனியாகச் சூடேற்றப்பட்டது என்று நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் 50 டிகிரி ஒரே ஒரு தடவைதான் நடந்தது, 70-உம் அப்படியே. இரண்டாவது லோடுக்கு முன் சோடாக் கரைசல் மாற்றியிருந்தால், அந்த வித்தியாசமும் வெப்பத்தின் கணக்கிலேயே எழுதப்படும். பிரிக்க வழியே இல்லை.

இதற்கு ஜேஎம்பி-யில் ஃபேக்டர் வரிசையில் 'சேஞ்சஸ்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. 'ஈஸி' என்றிருப்பதை 'ஹார்ட்' ஆக்க வேண்டும், அவ்வளவுதான். மினிடாப்பில் ஸ்ப்ளிட்-பிளாட் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாங்கள் வெப்பத்தை ஹார்ட் ஆக்கி நான்கு லோடு வைத்தோம். 50 இரண்டு முறை, 70 இரண்டு முறை, லோடுக்கு நான்கு பீக்கர். ஸ்ப்ளிட்-பிளாட் என்ற பெயரே வயலிலிருந்து வந்தது. உழவை வயல்வயலாகத்தான் மாற்ற முடியும், விதையை வயலுக்குள்ளேயே பாத்திபாத்தியாக மாற்றலாம்.

எல்லை எவ்வளவு என்பதற்குச் சூத்திரம் இல்லை. 58–62 டிகிரி என்று பயந்து பயந்து கொடுத்தால், வெப்பத்தின் விளைவு பிப்பெட் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நான் பலமுறை பார்த்தது. வாஷ் ஃபாஸ்ட்னஸை (துவைத்தால் சாயம் எவ்வளவு நிற்கிறது என்பதை) கிரே ஸ்கேலில் வைத்து 4, 4-5 என்று எழுதுவது லேப் வழக்கம். எக்செல்லில் 4-5 என்று அடித்தால் அது ஒரு தேதியாகிவிடும். எழுத்தாக அடித்து ஜேஎம்பி-க்குள் கொண்டுவந்தால் முழு நெடுவரிசையும் எழுத்து வகையாகி, நீங்கள் கேட்காத ஏதோ ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (எண்ணுக்கு அல்லாமல் வகைகளுக்கான கணக்கு) வந்து நிற்கும். 4.5 என்று அடியுங்கள்.

எல்லாம் திருத்திப் புதிய அட்டவணை வந்ததும், ஓட்டத் தொடங்கவில்லை. டையிங் மாஸ்டரைக் கூப்பிட்டு வரிவரியாக வாசித்துக் காட்டச் சொன்னேன். கணினி பக்கமே வராதவர் அவர். உப்பு 80, சோடா 20, வெப்பம் 70 என்ற வரிக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "இதுல சாயம் சட்டுனு ஓடிப் பிடிக்குமுங்க. திட்டுத்திட்டாத்தான் வரும், இதை ஸ்பெக்ட்ரோவுல வெச்சு என்ன படிப்பீங்க?" அந்த ஒரு சேர்க்கையை மட்டும் தடுக்க மென்பொருளில் வசதி இருக்கிறது. ஆனால் சோடாவின் உச்சத்தை 16-க்கு இறக்கினாலே போதும் என்றார் அவர். இறக்கிவிட்டு மறுபடியும் 'மேக் டிசைன்' பொத்தானை அழுத்தினோம்.