மூச்சில் வெளியேறும் அமிலம்

மூச்சைக் கொஞ்ச நேரம் அடக்கினால் நெஞ்சு முட்டுகிறது, விட்டே ஆக வேண்டும் என்று உடம்பு தவிக்கிறது. அப்போதும் ரத்தத்தில் ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும். வெளியே போக வேண்டிய கார்பன் டை ஆக்சைடு தேங்கிவிட்டது, அதுதான் சிக்கல். அது தண்ணீரோடு சேர்ந்தால் கார்பானிக் அமிலம். அமிலம் கூடுவதை மூளைத்தண்டில் உள்ள செல்கள் உணர்ந்து, மூச்சு விடச் சொல்லி நெருக்குகின்றன.

பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது. ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் இருக்க வேண்டும். 6.8-க்குக் கீழே போனால் உயிர் பிழைப்பது அரிது. எண்கள் நெருக்கமாகத் தெரியலாம். ஆனால் இது மடக்கை அளவு: எண் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்காகும். 7.4 என்பது 7.1 ஆனால், அமிலத்தை அமிலமாக்கும் ஹைட்ரஜன் அயனிகள் (மின்னூட்டமுள்ள ஹைட்ரஜன் துகள்கள்) இரட்டிப்பாகிவிட்டன என்று பொருள். ரத்தத்தில் சுமார் 35 லட்சம் சோடியம் அயனிகளுக்கு ஒரே ஒரு ஹைட்ரஜன் அயனிதான் இருக்கிறது. அவ்வளவு அரிதான சரக்கு, ஆனால் புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றின் வடிவத்தையே மாற்றிவிடும். நொதிகள் தடுமாறும், இதயத் தசை தளரும்.

ஒரு நாளில் நம் செல்கள் சுமார் 15,000 மில்லிமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) கார்பன் டை ஆக்சைடை உண்டாக்குகின்றன. உணவுப் புரதத்தில் உள்ள கந்தகம் போன்றவற்றிலிருந்து வரும் மற்ற அமிலங்களோ நாளொன்றுக்கு 50 முதல் 100 மில்லிமோல்தான். ரத்தத்தில் உள்ள பைகார்பனேட் என்ற காரப் பொருள் (காரம் என்றால் அமிலத்துக்கு எதிரானது), இந்த அமிலங்களின் ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக் கடைசியில் கார்பன் டை ஆக்சைடாக மாற்றி நுரையீரலிடம் தள்ளிவிடுகிறது. பிடித்ததை வெளியே விட ஒரு வழி இருப்பதால்தான் பிஎச் சட்டென்று மாறாமல் காக்கும் இந்தத் தாங்கல் (buffer) இவ்வளவு வலுவானது.

அந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 1952-இல் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன் கண்ணால் கண்டது. போலியோ பரவி, மூச்சுத் தசை செயலிழந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ரத்தத்தில் பைகார்பனேட் மிகுந்திருந்ததைப் பார்த்த மருத்துவர்கள், ரத்தம் காரமாகிவிட்டது என்று நினைத்தார்கள். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் அதைத் தலைகீழாகப் படித்தார்: வெளியேறாத கார்பன் டை ஆக்சைடால் ரத்தம் அமிலமாகியிருக்கிறது, பைகார்பனேட் கூடியது அதன் விளைவு. ஒரு 12 வயதுச் சிறுமியின் மூச்சுக்குழலில் துளையிடச் செய்து, குழாய் செருகி, ரப்பர் பையை அமுக்கி அமுக்கிக் கையாலேயே சுவாசம் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். அப்புறம் மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறை வைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அங்கிருந்து வளர்ந்தவை. ஒரு பரிசோதனை எண்ணைச் சரியாகப் படித்ததற்கு இதைவிடப் பெரிய பலன் இருக்குமா என்று தெரியவில்லை.

நுரையீரலால் முடியாத வேலை சிறுநீரகத்துடையது. வாயுவாகாத அமிலங்களைப் பாஸ்பேட்டோடும் அம்மோனியாவோடும் சேர்த்துச் சிறுநீரில் அனுப்பி, செலவான பைகார்பனேட்டை ஈடுகட்டுகிறது. நுரையீரல் நிமிடங்களில் செய்வதற்கு இதற்கு நாட்கள் பிடிக்கும். காரத் தண்ணீர் குடித்து ரத்தத்தை மாற்றலாம் என்று விற்கிறார்கள். வயிற்று அமிலத்தைத் தாண்டி உள்ளே போவதையும் சிறுநீரகம் கழித்துவிடும். மாறினால் சிறுநீரின் பிஎச் மாறும், அவ்வளவுதான்.

சர்க்கரை நோயில் இன்சுலின் மிகவும் குறைந்தால், உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோ அமிலங்கள் குவிந்து பைகார்பனேட்டைத் தீர்த்துவிடும். அப்போது உடம்பு கையில் இருக்கும் ஒரே வேகமான வழியைப் பிடிக்கிறது: ஆழமாக, விடாமல், ஓடி வந்தவர்போல் மூச்சு வாங்குகிறது. படுத்திருக்கும் சர்க்கரை நோயாளி வாந்தியோடு அப்படி மூச்சு வாங்கினால் அதை ஆஸ்துமா என்றோ பதற்றம் என்றோ விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தசைகள் களைத்து அந்த மூச்சும் தளர்ந்தால், பிஎச் சரசரவென்று இறங்கிவிடும்.