பொன்சாய்: எழுதும் முறையும் தமிழ்ச் சொல்லும்

சட்டியில் சிறிதாகவே நிறுத்தி வளர்த்த ஆலுக்கு மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பொன்சாய் என்று எழுதுவோர் உண்டு. போன்சாய், பான்சாய், பொன்ஸாய், பொன்சை என்று எழுதுவோரும் உண்டு. ஒரே மேசையில் ஆலின் பெயர்த்துண்டில் ஒரு விதமாகவும் புளியின் பெயர்த்துண்டில் வேறு விதமாகவும் இருந்தால், பார்க்க வருபவர் இரண்டும் இரு வேறு முறை என்றே எண்ணுவார். எழுதத் தகுந்தது பொன்சாய்.

இது ஜப்பானியச் சொல். 'பொன்' என்பது ஆழமில்லாத தட்டம். 'சாய்' என்பது நடுகை. மரநடுகை என்கிறோமே, அந்த நடுகைதான். தங்கத்தோடு தொடர்பில்லை. முதலெழுத்தைப் 'பல்'லில் வரும் ப போல அல்ல, 'பஸ்'ஸில் வரும் ப போல ஒலிக்க வேண்டும். சொல்லும் கலையும் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனவை. கி.பி. 706ஆம் ஆண்டைச் சேர்ந்த சீன இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடிகள் வைத்த தட்டத்தை ஏந்திய பணியாளரைக் காணலாம். ஜப்பானில் முன்பு வழங்கிய பெயர் ஹாச்சி நோ கி, அதாவது சட்டி மரம். பொன்சாய் என்ற பெயர் நிலைபெற்றது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில்தான்.

மூலத்தில் முதல் உயிர் குறில் ஒகரம். ஆகவே நெடில் இட்ட போன்சாய் பொருந்தாது. தமிழகத்தில் டாக்டர், டாலர் என்று எழுதுவதை இலங்கையில் டொக்டர், டொலர் என்று எழுதுகிறோம். நம்முடைய இந்த வழக்கம் பொன்சாயில் ஜப்பானிய ஒலியோடும் ஒத்துப்போகிறது. பான்சாய் என்பதில் இன்னொரு கேடும் உண்டு: ஜப்பானிய மொழியில் பன்ஸாய் என்ற தனிச் சொல் இருக்கிறது. அது 'பத்தாயிரம் ஆண்டு' என்று பொருள்படும் வாழ்த்தொலி. முதல் உயிரை அகரத்தின் பக்கம் தள்ளினால் மரம் வாழ்த்தாகிவிடும்.

ஈற்றில் 'சை' வேண்டாம். வாழை, மாலை என்பவற்றின் கடைசி ஐ பேச்சில் குறுகுவதுபோல அதுவும் குறுகிவிடும். 'சாய்' என்றால் ஒலி முழுதாக நிற்கும். ஸ அவசியமில்லை, ச போதும். ஆனால் ன் கட்டாயம் வேண்டும். புன்செய் புஞ்சையானதுபோல இதுவும் பொஞ்சாயாகத் திரிய இடமுண்டு. அப்படி எழுதினால் ச, 'மஞ்சள்' என்பதில் வரும் ச போல ஒலிக்கத் தொடங்கும்.

தமிழ்ச் சொல்லைத் தெரிவுசெய்வதுதான் கடினம். 'குட்டை மரம்' என்றால் குட்டைத் தென்னை போல, இனத்திலேயே குட்டையானது என்று படும். பொன்சாய் அப்படியல்ல. வேரைக் கத்தரித்து, துளிரைக் கிள்ளி, கம்பி சுற்றி வளைத்து, ஆழமற்ற சட்டியில் அடக்கி வைப்பதால் மட்டுமே ஆல் அங்கே சிறிதாக நிற்கிறது. அதே ஆலை நிலத்தில் இறக்கிவிட்டால் பெருமரமாகும். 'குறுமரம்' என்று மட்டும் எழுதினால் மாதுளை போன்ற இயல்பான சிறுமரங்களும் அதற்குள் வந்துவிடும். சொல்லுக்குச் சொல் வைத்தால் 'தட்ட நடுகை'. ஆனால் அது செயலைக் குறிக்கும், மரத்தைக் குறிக்காது. 'இந்தத் தட்ட நடுகையில் ஒரு கிளை பட்டுப்போனது' என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆகையால் 'சட்டிக் குறுமரம்' நல்லது. சட்டி என்றதும் மீன்குழம்புச் சட்டி நினைவுக்கு வரலாம், ஆனால் பூச்சட்டியும் நம் வழக்கில் உள்ளதுதானே. சொல் முதலில் வரும் இடத்தில் 'பொன்சாய் (சட்டிக் குறுமரம்)' என்று இரண்டையும் தந்துவிட்டு, பிறகு பொன்சாய் என்றே தொடரலாம்.

புணர்ச்சியிலும் ஒரே முறை வேண்டும். தாய்ப்பால், நாய்க்குட்டி என்பவற்றில்போல இங்கும் வல்லினம் மிகும்: பொன்சாய்க் கலை, பொன்சாய்ச் சட்டி. எண்ணுப்பெயரோடு 'கள்' தேவையில்லை. ஐந்து பொன்சாய் என்றாலே போதும்.

கூடவரும் கலைச்சொற்களில் ஒன்றைக் கவனமாகக் கையாள வேண்டும். பட்டை உரித்து, வெளிறிய மரமாக விட்ட கிளைக்கு ஜப்பானியர் சொல்வது ஜின். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வாசகர் பலருக்கு ஜின் என்றால் குர்ஆனில் வரும் படைப்பு. 'இந்தப் புளியில் ஒரு ஜின் இருக்கிறது' என்ற வரி அங்கே என்னவாகப் படிக்கப்படும்! 'உரித்த கிளை' என்று எழுதுவதே நேர். அடிமரத்தில் செய்யும் அதே வேலையான ஷாரியை 'உரித்த அடிமரம்' எனலாம்.

பழைய எழுத்தாக்கங்களைத் திருத்தும்போது 'போன்', 'பான்' என்ற துண்டை மட்டும் தேடி மாற்றக்கூடாது. 'போன்ற' என்பது 'பொன்ற' ஆகிவிடும். முழுச்சொல்லையே தேட வேண்டும். அப்போதும் சில இடங்கள் தப்பும்: பொ என்பதில் உள்ள குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, சில மென்பொருள்களின் தேடலுக்கு வேறு. தேடல் முடிந்ததும் 'ன்சாய்' என்று மட்டும் தேடிப் பார்த்தால் விடுபட்டவை அகப்படும். பொன்ஸாய், பொன்சை இரண்டையும் தனியே தேட வேண்டும்.