பேடன்ட் என்பது காப்புரிமை, பதிப்புரிமை அல்ல

லத்தீன் மொழியில் ‘பதேரே’ என்றால் திறந்து கிடத்தல். இடைக்கால ஐரோப்பாவில் அரச மடல்கள் இருவகை. ஒன்றை மடித்து முத்திரை வைப்பார்கள். சுருட்டி முத்திரையிட்ட ஓலை மடலான நம் பழைய முடங்கலைப் போல, முத்திரையை உடைத்தால்தான் படிக்க முடியும். மற்றொன்றில் முத்திரை அடியில் தொங்கும். மடல் விரிந்தே இருக்கும். இன்னாருக்கு இன்ன உரிமை தந்தோம் என்று ஊரறியச் சொன்ன அந்தத் திறந்த மடலே ‘லிட்டரே பாதெந்தெஸ்’. பேடன்ட் என்ற சொல் அதிலிருந்து வந்தது.

பலர் நினைப்பதற்கு மாறாக, பேடன்ட் ரகசியம் காப்பதற்கானது அல்ல. துறை அறிந்த ஒருவர் படித்துச் செய்துபார்க்கும் அளவுக்குக் கண்டுபிடிப்பின் விவரணத்தை எழுதித் தர வேண்டும். அதற்கு ஈடாக, அனுமதியின்றிப் பிறர் அந்தக் கண்டுபிடிப்பைச் செய்வதையும் விற்பதையும் தடுக்கும் உரிமை கிடைக்கும். இந்தியாவில் தாக்கல் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்.

ரத்த அணுக்களை எண்ணும் கருவிக்கு வாலஸ் கூல்டர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 2,656,508 (1953) நல்ல எடுத்துக்காட்டு. உப்புக்கரைசலில் நீர்த்த ரத்தம் ஒரு நுண்துளை வழியே பாய்கிறது. துளையின் இருபுறமும் மின்முனைகள். ரத்த அணு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அது நுழையும் கணத்தில் தன் பருமனளவு கரைசலை விலக்குவதால் மின்தடை கூடி ஒரு துடிப்பு எழும். துடிப்புகளின் எண்ணிக்கையே அணுக்களின் எண்ணிக்கை. துடிப்பின் உயரம் அணுவின் பருமன். இரண்டு அணுக்கள் ஒருசேர நுழைந்தால் ஒன்றாகப் பதிவாகிவிடும். அதனால்தான் சிவப்பணுக்களை எண்ண ரத்தத்தைப் பல்லாயிரம் மடங்கு நீர்க்க வைக்கிறார்கள். துளைக்குக் காப்புரிமை வாங்க முடியாது என்று சொல்லி வழக்கறிஞர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்களாம். கிடைத்தது துளைக்கல்ல; அதன் வழியே எண்ணும் அமைப்புக்கு.

நிகோலஸ் ஓட்டோவுக்கு நேர்ந்தது வேறு. உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் என்ற நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) இயந்திரத்துக்கு 1877இல் ஜெர்மன் காப்புரிமை 532 பெற்றார். அதே சுழற்சியை போ த ரோஷா என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1862லேயே எழுதி வைத்திருந்தது தெரியவர, 1886இல் ஓட்டோ காப்புரிமையின் முக்கிய உரிமைக் கோரிக்கை ரத்தானது. ரோஷா இயந்திரம் எதையும் ஓட்டிக் காட்டவில்லை. எழுத்தே போதுமானதாக இருந்தது. இன்றும் பொதுவாக இதே கதிதான்: தாக்கலுக்கு முன் நீங்களே காணொளியில் விளக்கிவிட்டாலும் புதுமை போய்விடும். முதலில் தற்காலிக விவரணத்தைத் தாக்கல் செய்து, 12 மாதங்களுக்குள் முழு விவரணத்தைத் தரலாம்.

ரத்தப் பரிசோதனையில் இன்னொரு தடையும் உண்டு. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 3(i) மனிதருக்கு நோயறியும் முறைகளை விலக்குகிறது. கருவிக்கு அந்தத் தடை இல்லை.

இனி, தமிழ்ச் சொல். காப்பு + உரிமை = காப்புரிமை. மூலச்சொல்லில் உள்ள ‘திறப்பு’ இதில் இல்லை என்பது குறைதான். ஆனாலும் வேரூன்றிய சொல், மாற்ற வேண்டியதில்லை. ஆக்கவுரிமை என எழுதுவோரும் உண்டு. இணையப் பக்கங்களின் அடியில் © குறிக்கு அருகே ‘காப்புரிமை’ என்று போடுவதுதான் பெரும் பிழை. அது பதிப்புரிமை: பதிவு கட்டாயமில்லை, எழுதியவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும்.

விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது’ என்றுதான் பொருளில் அச்சிட வேண்டும். ‘காப்புரிமை பெற்றது’ என்று போட்டால் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.