சுட்ட ஓட்டின் தூசியும் நெஞ்சுக்குள் போகும்

இனிமேல் யாராவது சுடுமண் சிற்பக் கண்காட்சி வைக்க உதவிக்குக் கூப்பிட்டால், நான் முதலில் மண்டபத்தின் அளவைக் கேட்கப்போவதில்லை. மண்டபத்தை எதால் கூட்டுவீர்கள் என்றுதான் கேட்பேன். தும்புத்தடி என்று பதில் வந்தால் அந்த வேலைக்கு வரமாட்டேன்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. கிளிநொச்சியில் நடந்த ஒரு கண்காட்சி. ஆளுயரத்தை விடப் பெரிய சுடுமண் உருவங்கள்: இடுப்பில் குடத்தோடு ஒரு பெண், கூரையில்லாத வீடு, பெரிய பானைக்குள் சுருண்டு கிடக்கும் ஓர் ஆள். அவற்றுக்கு நடுவே தரை முழுக்க உடைந்த கூரை ஓடுகள். வருகிறவர்கள் அந்த ஓடுகளின் மேல் நடந்துதான் உருவங்களுக்குக் கிட்டப் போகவேண்டும். காலடியில் ஓடு நொறுங்கும் சத்தம்தான் அந்தப் படைப்பின் பாதி. போரில் வீடு வாசலை இழந்த வன்னியில் அதற்கு விளக்கம் எழுதி ஒட்டத் தேவையில்லை. வந்தவர்கள் பலர் ஒன்றும் பேசாமல் நின்றார்கள். செய்தவரின் கற்பனையில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

ஆனால் நாள் போகப்போக ஓடுகள் தூளாகிவிட்டன. யன்னல் வெளிச்சத்தில் சிவப்புப் புழுதி மிதந்தது, மின்விசிறிகள் முழு வேகத்தில் சுற்றின. பின்னேரம் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் வெறும் முகத்தோடு தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொன்னேன். “மண்தானே அண்ணை, ஒன்றும் செய்யாது” என்றார்கள்.

இதே பதிலைப் பட்டறைகளிலும், பாடசாலைச் சித்திர அறைகளிலும், செங்கல் சூளையடியிலும் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். நாங்கள் மண்ணில் விளையாடி வளர்ந்தவர்கள், வயல் புழுதிக்குள் கிடந்தவர்கள், எங்களுக்கு என்ன வந்தது என்பார்கள். சரி. உழும்போது எழும் புழுதி பெரும்பாலும் பருமனானது. திறந்த வெளியில் காற்று கொண்டுபோய்விடும். மூக்குக்குள் வந்தாலும் அங்கேயே பிடிபட்டுச் சளியோடு வெளியே வந்துவிடும். மண்டபத்துக்குள் நடப்பது வேறு. களிமண்ணிலும் மணலிலும் குவார்ட்ஸ் என்ற படிகச் சிலிக்கா இருக்கிறது. இடிக்கும்போதும் மிதிக்கும்போதும் தேய்க்கும்போதும் அது மிக நுண்ணிய துணிக்கைகளாக உடைகிறது. ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போகும் துணிக்கைகளில் பெரும்பாலானவை 5 மைக்ரோனுக்கும் சிறியவை. அவற்றைக் கண்ணால் காணமுடியாது. நீங்கள் கண்ட சிவப்புப் புழுதி அடங்கின பிறகும் அவை மணித்தியாலக் கணக்கில் காற்றில் நிற்கும்.

நுரையீரலுக்குள் அப்படிப் போனதை உடம்பால் கரைக்கவும் முடியாது, முழுதாக வெளியே தள்ளவும் முடியாது. அதைச் சுற்றி நுரையீரல் தழும்பாகிக்கொண்டே போகும். இதுதான் சிலிக்கோசிஸ். வந்த தழும்பை மாற்றுகிற மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றக்கூடும், காசநோய் வரும் வாய்ப்பையும் அது கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இந்தத் தூசியை 1997 இலேயே புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது.

அப்புறம் ‘சுட்டதுதானே’ என்ற வாதம். நெருப்பில் போனால் கெட்டதெல்லாம் எரிந்துவிடும் என்ற நினைப்பு. சூளையில் 900, 1000 பாகையில் களி இறுகிப்போகும், குவார்ட்ஸ் எரிந்துபோகாது. சூடு இன்னும் ஏறினால் அதில் ஒரு பங்கு கிரிஸ்டோபலைட் என்ற இன்னொரு படிகச் சிலிக்காவாக மாறும். அதுவும் அதே முதல் வகுப்பில் இருப்பதுதான். வீட்டுக் கூரையில் முழுதாக இருக்கிற ஓட்டுக்கு யாரும் பயப்படவேண்டாம். நொறுக்கின ஓட்டுக்குத்தான் பயப்படவேண்டும்.

பெரிய உருவம் செய்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. வெறும் களியில் ஆறடி உருவம் எடுத்தால் காயும்போதே சுருங்கி வெடித்துவிடும். அதனால் சுட்ட ஓட்டை இடித்து அரித்து, களியில் நாலில் ஒரு பங்கு வரை கலக்கிறோம். ஒரு உருவத்துக்கு எத்தனை உரப்பை தூள் போகும் என்று பாருங்கள். நான் பார்த்த இடங்களில் அதை உலக்கையால் இடிப்பவர் பெரும்பாலும் சிற்பி அல்ல, நாட்கூலிக்கு வந்த பெண்கள். அவர்களுக்கு ஒரு முகக்கவசம் வாங்கிக் கொடுக்க முடியாதவர் எதற்காகக் குடம் சுமக்கும் பெண்ணைச் சிலையாகச் செய்கிறார்?

கலைக்காகக் கொஞ்சம் தூசியைப் பொறுக்கக்கூடாதா என்றும் ஒருவர் கேட்டார். 2010 இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் ஏறத்தாழ 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைத் தரையில் பரப்பினார். ஜிங்தேஜென் நகரத்துக் கைவினைஞர்கள் கையால் வண்ணம் தீட்டிய விதைகள். மக்கள் மேலே நடக்கலாம், இருக்கலாம் என்றுதான் திறந்தார்கள். சில நாட்களிலேயே பீங்கான் தூசி எழுகிறது என்று அதை நிறுத்தி, ஓரத்தில் நின்று பார்க்க வைத்தார்கள். மாடிக் கணக்கில் உயர்ந்த அந்த மண்டபத்துக்கே அது தேவைப்பட்டது. எங்களுடையவை தாழ்ந்த கூரை மண்டபங்கள்.

ஒருநாள் வந்து அரை மணித்தியாலம் பார்த்துவிட்டுப் போனவர் இதை வாசித்துப் பதறவேண்டாம். இது பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் சேர்ந்து வருகிற நோய். தூசி மிக அதிகமென்றால் அதற்கு முன்பும் வரும். நான் சொல்வது செய்பவர், இடிப்பவர், கூட்டுபவர், நாள் முழுக்கக் காவல் இருப்பவர் பற்றி.

தும்புத்தடியை எடுக்காதீர்கள். முதலில் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைக் காயவிடாமல் அலசுங்கள். சாதாரண வீட்டு வக்யூமும் வேண்டாம். நுண்தூசியைப் பின்பக்கத்தால் திரும்ப ஊதிவிடும். ஓடு பரப்பியே ஆகவேண்டும் என்றால் கழுவி, தூள் நீக்கிப் பரப்புங்கள், மேலே பலகைப் பாதை போடுங்கள். நொறுங்கும் சத்தம் வேண்டுமா? ஒலிப்பதிவு செய்து போடுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் ஒருபக்கக் கதவை மட்டும் திறந்து வைத்தால் தூசி உள்ளுக்குள்ளேயே சுழலும், இரண்டு பக்கமும் திறவுங்கள்.

பட்டறையில் காய்ந்த களியை இடிக்கவேண்டிய தேவையே இல்லை. நன்றாகக் காய்ந்த கட்டியைத் தண்ணீர் வாளியில் போட்டால் தானே கரைந்து விழும். அரைகுறை ஈரக் கட்டிதான் அடம்பிடிக்கும். ஈரத்திலேயே அரித்தெடுங்கள். ஓட்டை நனைத்து இடியுங்கள், சுட்ட வேலையை நனைத்துத் தேயுங்கள். கொரோனாக் காலத்து நீல மாஸ்க்கும் சேலைத் தலைப்பும் இதற்குப் போதாது. நுண்தூசியை வடிகட்டுகிற என்95 முகக்கவசம் வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டி நிற்கவேண்டும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள். மாற்றி, வேறாகத் தோயுங்கள்.

வருடக்கணக்காக ஓடு இடித்த அக்காமாரே, செங்கல் சூளையில் நின்ற அண்ணைமாரே, மாடியேற முன்பைவிட மூச்சு வாங்கினாலோ இருமல் விடாமல் இருந்தாலோ, சளிதான் என்று பாணி மருந்தோடு நிற்காதீர்கள். தயவுசெய்து மார்புநோய் கிளினிக்குக்குப் போங்கள். இந்த நோயும் காசநோயும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலத் தெரியக்கூடும், அதனால் டொக்டர் கேட்காவிட்டாலும் என்ன வேலை செய்தீர்கள், எத்தனை வருடம் செய்தீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள்.