அகி தத்சு: இலை உதிராத இலையுதிர்காலம்

நண்பர் ஒருவர் ஜப்பானிய ஹைக்கூக்களைத் தமிழாக்கி, மெய்ப்புப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். மொத்தம் 40 பக்கம். அதில் 11 இடங்களில் 'இலையுதிர்காலம் வந்தது' என்று இருந்தது. பதினொன்றிலும் தேடிப் பார்த்தேன், ஒரு இலைகூட விழவில்லை. காற்று இருந்தது, மடித்து வைத்த கொசுவலை இருந்தது, ஆற்றுச் சலசலப்பு இருந்தது. ஒன்றில் வெயில் மண்டையைப் பிளந்தது. "இந்த வெயிலில் என்ன ஐயா இலையுதிர்காலம்?" என்று கேட்டேன். "அகராதியில் அப்படித்தான் போட்டிருக்கிறது" என்றார்.

அந்த 11 இடங்களிலும் மூலத்தில் இருந்தது 'அகி தத்சு' என்ற தொடர், அல்லது அதன் உடன்பிறப்புகளான 'அகி கினு', 'கெசா நோ அகி'. 'அகி வந்தது', 'இன்று காலை அகி' என்று பொருள். அகி என்பது பருவத்தின் பெயர். தத்சு என்றால் எழுவது, நிற்பது, கிளம்புவது. காற்று எழுந்தது என்கிறோமே, அந்த எழுதல்.

முதலில் உச்சரிப்பை முடித்துவிடுவோம். ஜப்பானியர் சொல்வதைக் கேட்டு அப்படியே எழுதினால் 'அக்கி' என்று எழுத வேண்டும். நம் ஊரில் அக்கி என்றால் உடம்பில் கொப்புளம் போட்டு எரிகிற நோய், குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து எழுதிக்கொள்வது. 'அக்கி வந்துவிட்டது' என்று கவிதை தொடங்கினால் வாசகர் மருந்து சொல்லக் கிளம்பிவிடுவார். அதனால் இங்கே அகி என்றே எழுதுகிறேன். 'கி'யைக் கிளியின் கி போல அழுத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

அகி தத்சு என்பது ஒரு குறிப்பிட்ட நாள். சீன எழுத்தின் ஒலிப்படி அதற்கு 'ரிஷ்ஷூ' என்று பெயர். 立秋 என்ற இரண்டே எழுத்து: ஒன்று நில் அல்லது எழு, மற்றொன்று அகி. சீனாவிலிருந்து வந்த பஞ்சாங்க முறையில் சூரியனின் ஓராண்டுப் பாதையான 360 பாகையை 15 பாகை வீதம் 24 துண்டாக்குவார்கள். அதில் சூரியன் 135ஆம் பாகையைத் தொடும் நாள்தான் ரிஷ்ஷூ. ஆகஸ்ட் 7 அல்லது 8இல் வரும். நம் கணக்கில் ஆடி 22, 23 வாக்கு.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஜப்பான் வெந்துகொண்டிருக்கும். அன்றைக்குப் போய்ப் பருவம் மாறிவிட்டது என்பது முதலில் கேலியாகத்தான் படும். கணக்கு வேறு. கோடையில் பகல் மிக நீண்டிருக்கும் நாள் 90ஆம் பாகை. பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர் நாள் 180ஆம் பாகை. இரண்டுக்கும் சரிநடு 135. இந்த முறை பருவத்தை வெளிச்சத்தால் அளக்கிறது, வெப்பத்தால் அல்ல. பகல் ஜூன் கடைசியிலிருந்தே சுருங்கத் தொடங்கிவிடுகிறது. நிலமும் கடலும் வாங்கி வைத்த சூடு இறங்கத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. ஆக, வெளிச்சம் ஒரு பக்கம் போக, உடம்பு இன்னொரு பக்கம் வேர்த்துக்கொண்டிருக்கிறது. ரிஷ்ஷூவுக்குப் பிறகு அடிக்கும் வெயிலுக்கு ஜப்பானியர் 'ஸன்ஷோ', அதாவது மிச்ச வெப்பம், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோடையில் நலம் விசாரித்து அனுப்பும் அஞ்சலட்டைகளின் வாசகமும் அந்த நாளோடு மாறிவிடும். வெயில் அதே வெயில்தான், பெயர் மட்டும் 'மிச்சம்'.

இந்த இடைவெளியில்தான் கவிதை பிறந்தது. 905ஆம் ஆண்டு பேரரசர் தைகோவின் ஆணையால் தொகுக்கத் தொடங்கிய கொகின்ஷூ என்ற தொகைநூலில், அகிப் பகுதியின் முதல் பாட்டு ஃபுஜிவாரா நோ தோஷியுகி எழுதியது. 'அகி எழுந்த நாளில் பாடியது' என்று தலைக்குறிப்பே இருக்கிறது. ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்:

அகி வந்ததென்று
கண்ணுக்குத் துலக்கமாய்
ஒன்றும் தெரியவில்லை;
காற்றின் ஓசையில்தான்
திடுக்கிட்டு உணர்ந்தேன்

கடைசி வரியில் வரும் 'ஒதொரொகு' என்ற வினைக்கு இன்றைய ஜப்பானியத்தில் திடுக்கிடுவது என்று பொருள். பழைய வழக்கில் சட்டென்று உணர்வது, தூக்கம் கலைந்து விழிப்பது என்ற பொருளும் உண்டு. கண் பொய் சொல்கிறது, காது பிடித்துவிட்டது. இது 5-7-5 என 17 அசை கொண்ட ஹைக்கூ இல்லை, 31 அசை கொண்ட வக்கா. ஆனால் அதற்குப் பின் வந்த ஹைக்கூக்காரர்கள் அகியின் முதல் நாளைப் பாடும்போதெல்லாம் இந்தப் பாட்டு முதுகுக்குப் பின்னால் நிற்கும். பஞ்சாங்கமும் இதற்கு ஒத்து ஊதுகிறது. அந்த 24 துண்டுகளையும் மும்மூன்றாக உடைத்து 72 சிறுபருவம் வைத்திருக்கிறார்கள். ரிஷ்ஷூவின் முதல் சிறுபருவத்துக்குப் பெயர் 'குளிர்காற்று வந்து சேர்கிறது'.

18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் புசோனுக்கு இதில் குறும்பு தோன்றிவிட்டது. 'அகி தத்சு யா' என்று தொடங்குகிறார். அடுத்து ஒரே கேள்வி: எதைக் கேட்டுத் திடுக்கிட்டாராம் அந்த ஒன்ம்யோஜி? ஒன்ம்யோஜி என்பவர் நாளும் கோளும் பார்த்துப் பலன் சொல்பவர், நம் பஞ்சாங்கக்காரர் மாதிரி. அகி எந்த நாளில் எழும் என்று கணித்துச் சொல்பவரே அவர்தான். அவரே திடுக்கிட்டால் எப்படி? 'திடுக்கிடு' என்ற சொல்லைத் தோஷியுகியிடமிருந்து நேராக உருவியிருக்கிறார். எண்ணூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய பாட்டைத் தெரிந்தவர் சிரிப்பார். தெரியாதவருக்கு ஒரு சோதிடர் விழித்துக்கொண்டு நிற்கும் படமாவது மிஞ்சும்.

புசோனுக்கு முந்தைய ஹைக்கூக் கவிஞர் பாஷோ இதே இடைவெளியை வேறு மாதிரி தொடுகிறார். 1689இல், வடநாட்டு நெடும்பயணத்தில் கனசாவா பக்கம் நடந்துகொண்டிருக்கையில் எழுதியது:

செக்கச்செவேலென்று
இரக்கமே இல்லாத சூரியன், ஆனாலும்
அகியின் காற்று

இதைப் போய் 'இலையுதிர்காலக் காற்று' என்று போட்டால் என்ன ஆகும்? சிவந்த சூரியனுக்குக் கீழே ஒரு மொட்டை மரம் வந்து நின்றுவிடும். பாஷோ மரத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

ஹைக்கூவில் பருவத்தைச் சுட்டும் சொல்லுக்குக் கிகோ என்று பெயர். தமிழில் பருவச்சொல் என்கிறோம், பொருத்தமான பெயர்தான். இந்தச் சொற்களைப் பருவவாரியாக அடுக்கிய அகராதி சைஜிகி. அதன்படி அகி என்பது ரிஷ்ஷூவில் தொடங்கி நவம்பர் 6 வாக்கில் முடிகிறது. அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால் நமக்கு வியப்பாக இருக்கும். நிலா அகிச் சொல். பால்வீதி அகிச் சொல். இரவுப் பூச்சிகளின் ஒலி, காலையில் மலரும் அசகாவ் பூ, நெல் அறுப்பு, ஏன், தர்ப்பூசணிகூட அகிதான்! இரண்டு விண்மீன்கள் ஆண்டுக்கொருமுறை சந்திக்கும் தனபாதாத் திருவிழாவும் அகியில் சேர்த்தி. பழைய சந்திரக் கணக்கில் அது ஏழாம் மாதம் ஏழாம் நாள். ஏழு, எட்டு, ஒன்பதாம் மாதங்கள்தான் அகி. 1873இல் ஜப்பான் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது பல ஊர்களில் இந்த விழா ஜூலை 7க்கு நகர்ந்து கோடையில் போய் விழுந்தது. சைஜிகி மட்டும் அசையவில்லை. செந்தாய் நகரில் இன்றும் ஆகஸ்ட் 6 முதல் 8 வரை கொண்டாடுகிறார்கள், ஏறக்குறைய ரிஷ்ஷூ அன்றே.

சரி, இலை? சிவந்த மேப்பிள் இலையான மொமிஜி அகிச் சொல்தான். ஆனால் மரத்தில் இருக்கிற வரைக்கும்தான். 'ஒச்சிபா', உதிர்ந்து கிடக்கும் இலை, சைஜிகியில் குளிர்காலத்துக்குப் போய்விட்டது! நாம் எதை வைத்து இந்தப் பருவத்துக்குப் பெயர் வைத்தோமோ, அதுவே அங்கே அடுத்த பருவத்தின் சொத்து. முன்கூட்டியே விழும் ஓர் இலைக்குத் தனி இடம் உண்டு: 'கிரி ஹிதொஹா', கிரி மரத்தின் ஒற்றை இலை. ஓர் இலை விழுவதைப் பார்த்தே ஆண்டு சாய்வதை அறியலாம் என்ற பழைய சீன வாக்கிலிருந்து வந்தது. 1906இல் ஹைக்கூக் கவிஞர் தகஹாமா கியோஷி அந்த அகன்ற இலையை வெயில் பட்டபடியே மெதுவாக விழவிட்டார். ஒன்றே ஒன்று. ஒன்று விழுந்தால் செய்தி, எல்லாம் விழுந்தால் குப்பை கூட்டும் வேலை.

அகி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதில் ஜப்பானிய அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. வானம் தெளிவதால் 'அகிரகா' (தெளிவு) என்பார் ஒருவர். இலை சிவப்பதால் 'அகா' (சிவப்பு) என்பார் மற்றொருவர். விளைச்சல் வந்து வயிறு நிறைவதால் 'அகு' (தெவிட்டு) என்பார் இன்னொருவர். 秋 என்ற எழுத்தில் இடப்பக்கம் கதிர், வலப்பக்கம் தீ. மூன்றில் எது சரியோ, கவிஞர்கள் விடாமல் பிடித்துக்கொண்டது கடைசியை. தெவிட்டினால் அலுக்கும், அலுத்தால் காதலன் வரமாட்டான். 'அகியின் காற்று' என்று பழம்பாடலில் ஒரு பெண் சொன்னால் வெளியே காற்றும் வீசும், உள்ளே அவனுக்கு அலுத்துவிட்டது என்ற புழுக்கமும் இருக்கும். சிலேடை பிடித்த தமிழருக்கு இது எளிதில் விளங்கும்.

இனி நம் பக்கம். ஹைக்கூவைப் பற்றிப் பாரதி சுதேசமித்திரனில் எழுதியது 1916இல். நூறாண்டு தாண்டியும் இந்தப் பருவத்துக்கு ஒரு பெயர் நிலைக்கவில்லை. இலையுதிர்காலம் என்பது பள்ளிப் புவியியல் பாடத்தில் நமக்குப் பழகிப்போன மேற்கத்தியப் பருவம். நம்மூர் வேம்பு இலை கொட்டுவது மாசி பங்குனியில். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு வாசல் பெருக்கும் அந்த மாதங்கள்தான் நினைவுக்கு வரும், அகி அல்ல. ஒற்றெழுத்தை விட்டு எண்ணினாலும் அதில் ஆறெழுத்து. 'அகி தத்சு யா' என்ற முழு முதலடிக்கே ஐந்து அசைதான்.

நம் ஆறு பருவங்களில் ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். நாட்கணக்கில் அகியோடு அதிகம் ஒட்டுவது கார்தான். ஆனால் கார் என்றதும் கருமேகம் வந்து வானத்தை மூடிவிடும். அகிக்கோ வானம் தெளிய வேண்டும், நிலா தெரிய வேண்டும். அந்த வகையில் வடமொழிச் சரத் காலம் நெருக்கமானது, வெண்ணிலவும் துல்லிய வானும் அதன் அடையாளங்கள். ஆனால் சரத் என்று தனியாக எழுதினால் ஆள் பெயராகத்தான் வாசிப்பார்கள்.

நான் கூதிர் பக்கம். அது மழையும் குளிரும் கலந்த பருவம், அகியோடு மாதமும் முழுதாகப் பொருந்தவில்லை என்பது தெரிந்தே சொல்கிறேன். கூதிரின் அடையாளம் வாடைக்காற்று. நெடுநல்வாடையில் தலைவன் கூதிர்ப் பாசறையில் இருக்க, தலைவி அரண்மனையில் தூக்கமின்றிக் கிடக்கிறாள், நடுவே காற்று. அகியின் காற்றுக்குள் ஒளிந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது. இன்னொன்று: கூதல் என்ற சொல் இன்னும் சாகவில்லை. தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் 'கூதல் அடிக்குது' என்பார்கள். கொளுத்தும் வெயிலில் அந்தச் சொல்லைப் போட்டால் வாசகர் ஒரு நொடி தடுமாறுவார். தடுமாறட்டும். ஆகஸ்ட் 7ஆம் தேதி ஜப்பானியரும் அதே தடுமாற்றத்தில்தானே இருக்கிறார்?

தத்சுவுக்கு எழுந்தது, நின்றது எல்லாம் வேண்டாம். நமக்கு மாதம் பிறக்கும். ஆடி பிறந்தது, தை பிறந்தது என்பது வாயில் தானாக வரும் பேச்சு. ஆகவே அகி தத்சு = கூதிர்ப் பிறப்பு. ஒற்று நீக்கி எண்ணிப் பாருங்கள்: கூ, தி, பி, ற, பு. ஐந்து! ஒற்று நீக்கி எண்ணுவது என் வசதிக்காகக் கண்டுபிடித்த வழியல்ல. கட்டளைக் கலித்துறையில் அடிக்கு 16 அல்லது 17 எழுத்து எண்ணுவது இப்படித்தான். 17 என்ற எண்ணைப் பார்த்து ஹைக்கூக்காரர்கள் கண்ணடிக்கலாம்.

நண்பருக்கு இத்தனையும் விளக்கி அனுப்பினேன். கவிதைகளுக்குள் 11 இடத்திலும் கூதிர் என்று மாற்றிவிட்டார். பகுதித் தலைப்பில் மட்டும் 'இலையுதிர்காலம்' அப்படியே இருக்கிறது. வாசகருக்குப் புரிய வேண்டுமாம்.