பச்சை முட்டைக்குள் அடங்கும் தீ

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல வீடுகளின் பின்பக்கம், முட்டை வடிவத்தில் ஒரு பெரிய பச்சைப் பானை நிற்கும். ராத்திரி அதில் நாலைந்து கிலோ பன்றித் தோள்கறியை வைத்து மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். காலையில் பார்த்தால் உள்ளே ஏறக்குறைய அதே 110 டிகிரி செல்சியஸ் சூடு. நடுவில் யாரும் கரி போடவில்லை, விசிறவும் இல்லை.

இந்தப் பீங்கான் அடுப்புகளுக்குக் கமாடோ என்று பெயர். மூலம் ஜப்பான். அங்கே சோறாக்கப் பயன்பட்ட மண் அடுப்புகளை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 1974-ல் அட்லாண்டாவில் எட் ஃபிஷர் தொடங்கிய 'பிக் க்ரீன் எக்' நிறுவனம்தான் இதைப் பிரபலமாக்கியது. முதலில் விற்ற மண் அடுப்புகள் சூட்டில் விரிசல் விட்டதால், அப்புறம் அதிக வெப்பம் தாங்கும் பீங்கானுக்கு மாறினார்கள்.

கேஸ் அடுப்பில் தீயைக் குறைக்க எரிபொருளைக் குறைக்கிறோம். கரியில் அது முடியாது. ஒரு ராத்திரிக்கு வேண்டிய கரி முழுவதும் தொடக்கத்திலேயே உள்ளே இருக்கிறது. எனவே அளந்து கொடுக்க வேண்டியது காற்றை. ஒரு கிலோ கரி முழுவதும் எரிய சுமார் 10 கன மீட்டர் காற்று வேண்டும்; ஒரு சின்ன சமையலறை கொள்ளும் அளவு. அத்தனையும் அடியில் இருக்கும் சிறு கதவு வழியாகத்தான் நுழைய வேண்டும், மூடியின் உச்சியில் இருக்கும் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். சூடான காற்று லேசாகி மேலே போகும்; போகும்போதே கீழிருந்து புதுக் காற்றை இழுக்கும். இரண்டு வாயையும் நூலளவு திறந்து வைத்தால் 110 டிகிரி. அகலத் திறந்துவிட்டால் அதே கரி 350 டிகிரிக்கு மேலே போகும்.

நம் குமுட்டி அடுப்பிலும் அடியில் காற்று வாய் உண்டு. ஆனால் மேலே திறந்தே கிடப்பதால், அந்த வாயை அடைத்தாலும் தீ வேறு வழியில் மூச்சு விட்டுக்கொள்ளும். கமாடோவில் மூடியின் விளிம்பைச் சுற்றி வெப்பம் தாங்கும் பட்டை ஒட்டியிருக்கிறது. வேறு வழியே இல்லை.

சரி, இதை இரும்பில் செய்தால் என்ன? மெல்லிய தகரச் சுவரின் வெளிப்புறம் உட்புறத்தைப் போலவே கொதிக்கும். வாங்கிய சூட்டையெல்லாம் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதை ஈடுகட்டப் பெரிய தீ வேண்டும், பெரிய தீக்கு அதிகக் காற்று வேண்டும். கனத்த பீங்கான் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்துகிறது, அதனால் உள்ளே ஒரு சிறு கங்கே போதும். எழுபது கிலோவைத் தாண்டும் அடுப்பு என்பதால் வெப்பத்தைச் சேமித்தும் வைக்கும். இதில் ஒரு தொல்லையும் இருக்கிறது: சூடு ஒருமுறை எல்லை மீறிவிட்டால், சுவர் ஆறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பழகியவர்கள் 110 வேண்டுமென்றால் 90-லேயே கதவைக் குறுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கறி வறண்டு போகாததற்கும் காரணம் காற்றுதான். 'சாறு உள்ளேயே பூட்டப்படுகிறது' என்பதெல்லாம் விற்கிறவர்கள் பேச்சு. எந்த அடுப்பிலும் கறி எடை குறையத்தான் செய்யும். ஆனால் உள்ளே ஓடும் காற்று குறைவு என்பதால் அது அள்ளிக்கொண்டு போகும் ஈரமும் குறைவு. அப்படியும் ஆவியாதல் தன் வேலையைக் காட்டும். கறியின் உள்சூடு 65 முதல் 75 டிகிரிக்குள் வந்ததும் மணிக்கணக்கில் வெப்பமானியின் முள் நகராது. புதிதாகச் சமைப்பவர்கள் தீ அணைந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்து திறந்து பார்ப்பது இங்கேதான். உள்ளே வருகிற வெப்பம் முழுவதையும் மேற்பரப்பின் நீர் ஆவியாகக் கொண்டுபோய்விடுகிறது, அவ்வளவுதான். மேலே ஓரளவு காய்ந்ததும் சூடு மறுபடி ஏறும். அதற்குள் நார்க்கறியில் இருக்கும் கொலாஜன் என்ற கெட்டியான புரதம் மெல்லக் கரைந்து மிருதுவான ஜெலட்டின் ஆகியிருக்கும். 95 டிகிரியை நெருங்கும்போது எலும்பு கையோடு வந்துவிடும்.

பீட்சாவுக்கு வேறு கணக்கு. அங்கே முக்கியம் காற்றல்ல, கூரை. சூடேறிய குவிமூடி மேலிருந்து வெப்பக் கதிர்களைப் பாய்ச்சும். பீட்சாவுக்கு அடியில் வைத்த கல் கீழிருந்து சுடும். சில நிமிடங்களில் இரண்டு பக்கமும் வெந்துவிடும்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. காற்று குறைவாக எரியும் கரி கார்பன் மோனாக்சைடைக் கக்கும். மூடியைச் சடாரென்று திறந்தால், உள்ளே பாயும் காற்றோடு அந்த வாயு சேர்ந்து குப்பென்று தீப்பிடிக்கும், புருவம் பொசுங்கும். அதனால் முதலில் மூடியை இரண்டு விரற்கடை மட்டும் தூக்கி, சில நொடி பொறுத்து, பிறகு முழுதும் திறக்க வேண்டும். அதே வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழை என்று அடுப்பை வீட்டுக்குள்ளோ கார் நிறுத்தும் கொட்டகைக்குள்ளோ தள்ளிக்கொண்டு போனால் உயிருக்கே ஆபத்து.

அணைக்கத் தண்ணீர் தெளிக்கக்கூடாது. சூடான பீங்கான் விரிசல் விட்டுவிடும். மேலும் கீழும் அடைத்துவிட்டால் தீ தானே அடங்கிவிடும். எரியாமல் மிஞ்சிய கரியைக் கிளறி, சாம்பலைக் கீழே உதிர்த்துவிட்டு, அடுத்த சமையலுக்கு அதன் மேலேயே புதுக் கரியைக் கொட்டிக்கொள்ளலாம்.