ஷெட்டுக்குத் தனி லைன் இழுங்கள்

போன மாதம் கோவை கணபதியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பின்பக்கம் தகர ஷெட் போட்டு, 2 எச்.பி. கம்ப்ரசர், 14 இன்ச் கட்டிங் மெஷின், ஆங்கிள் கிரைண்டர் என்று அந்த வீட்டுத் தம்பி நன்றாகவே வைத்திருந்தார். கம்ப்ரசர்தான் எடுக்கவில்லை, உறுமிக்கொண்டே நின்றது. நான் போவதற்குள் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரை இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள்.

மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. சமையலறை பிளக்கிலிருந்து 1 ஸ்கொயர் எம்.எம். வயரை 30 மீட்டருக்கு இழுத்திருந்தார்கள். வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 228 வோல்ட், ஸ்விட்ச் போட்ட நொடியில் 160. ஓடும்போது 10, 12 ஆம்பியர் எடுக்கிற மோட்டார், கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கேட்கும். போக வர 60 மீட்டர் சன்ன வயரில் வோல்டேஜ் வழியிலேயே தீர்ந்துபோகிறது. வோல்டேஜ் பாதியானால் மோட்டாரின் இழுவை கால்வாசிதான். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்த ஊர் இது. இங்கே மோட்டாரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். வயரைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம் மெயின் போர்டைத் திறந்தேன். "16 ஆம்பியர் எம்சிபி அடிக்கடி விழுந்துருதுங்ணா, அதான் 32 போட்டுட்டேனுங்க" என்றார் தம்பி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. எம்சிபி என்பது கரன்ட் அதிகமானால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்; அது இருப்பது வயரைக் காப்பாற்ற. சுமார் 12 ஆம்பியர் தாங்குகிற வயரில் 25 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடி வெந்தாலும் 32 ஆம்பியர் எம்சிபி கம்மென்று இருக்கும். சமையலறை பிளக்கைக் கழற்றிக் காட்டினேன். சிவப்பு இன்சுலேஷன் உருகி, காபிப்பொடி நிறத்தில் பித்தளை டெர்மினலோடு ஒட்டியிருந்தது. "ஒரு வாரமா இங்க கவிச்சி வாடை வருதுன்னு சொல்லிட்டே இருந்தனுங்க" என்றார் அவருடைய அம்மா. அந்த வாடை வந்தால் அன்றைக்கே மெயினை இறக்கிவிடுங்கள்.

மெயின் போர்டிலிருந்து 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர், சி கர்வ் 20 ஆம்பியர் எம்சிபி, கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டு ஷெட்டுக்குத் தனி லைன் கொடுத்தேன். பி, சி என்பது எம்சிபி திடீர் கரன்டை எவ்வளவு பொறுக்கும் என்கிற வகை. பி கர்வ் எம்சிபி மூன்று மடங்கு கரன்டிலேயே உடனே விழுந்துவிடலாம்; சி கர்வ் ஐந்து மடங்கு வரைக்கும் பொறுக்கும், மோட்டாருக்கு அதுதான் சரி. கிரைண்டர் பிளக்கில் எர்த் பின்னை வெட்டியிருந்தார்கள், அதையும் மாற்றினேன். தகர ஷெட்டில், வெறும் காலோடு, எர்த் இல்லாமல் வேலை செய்வது உயிரோடு விளையாடுவது. மூடி போட்ட சாக்கெட்டுகளை நெஞ்சு உயரத்தில் மாட்டினேன், இரும்புத் தூள் உள்ளே இறங்கக் கூடாது.

ஷெட் லைட்டுக்கு வேறு சர்க்யூட். மெஷின் லைன் விழும்போது லைட்டும் போய்விட்டால், 14 இன்ச் வீல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், கை எங்கே இருக்கிறது என்று தெரியாது.